முறத்துல புடைக்கிற மாதிரி: தைமஸ் உள்ள டி செல்லுக்கு என்னதான் நடக்குது?

போன மாசம் எங்க சித்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாங்க. ஒருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு விரலால டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே, தினமும் காலையில இப்படி தட்டினா தைமஸ் முழிச்சுக்கும், எதிர்ப்பு சக்தி தானா ஏறிடும்னு சொல்றார். வீடியோவுக்கு கீழ சித்தியோட கேள்வி: "டேய், தைராய்டு மாத்திரை போடறவங்க இத பண்ணலாமா?"

அந்த ஒரு கேள்வியிலயே இந்த விஷயத்துல இருக்கிற மொத குழப்பம் வந்துடுச்சு, தைமஸும் தைராய்டும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ரெண்டாவது குழப்பம் கொஞ்சம் படிச்சவங்ககிட்ட இருக்கறது. தைமஸ் ஒரு ஸ்கூல், அங்க போய் செல்லுங்க எல்லாம் கிருமிய எப்படி கண்டுபிடிக்கறதுன்னு பாடம் படிச்சுட்டு வெளிய வருதுன்னு சொல்வாங்க. புத்தகங்கள்லயே 'எஜுகேஷன்'ங்கிற வார்த்தை இருக்கறதால இத தப்புன்னு யாரும் சொல்றதும் இல்ல. ஆனா அங்க யாரும் யாருக்கும் கிருமியப் பத்தி எதுவும் சொல்லிக் கொடுக்கறதில்ல. அங்க நடக்கறது நம்ம பாட்டி முறத்துல அரிசி புடைச்ச வேலை. எப்படின்னு மெதுவா பாக்கலாம்.

தைமஸ் எங்க இருக்கு

தைராய்டு கழுத்துல முன்பக்கம் இருக்கு, உடம்பு எவ்வளவு வேகத்துல ஓடணும்னு ஹார்மோன் மூலமா சொல்றது அதோட வேலை. தைமஸ் அதுக்கும் கீழ, நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்கு மேல ரெண்டு மடலா ஒட்டிக்கிட்டு இருக்கு. பொறந்த குழந்தையோட நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தா சில சமயம் இதயத்துக்கு பக்கத்துல பாய்மரம் மாதிரி ஒரு நிழல் தெரியும், அது தைமஸ் தான், அந்த வயசுல அவ்வளவு பெருசா இருக்கும். வயசுக்கு வர்ற காலத்துல ஒரு 30, 40 கிராம் எடை வரைக்கும் வந்துட்டு அப்புறம் சுருங்க ஆரம்பிச்சுடும். நெஞ்சுல தட்டினா முழிக்குமான்னா, முழிக்காது. நடுவுல எலும்பு இருக்கு, விரல் தான் வலிக்கும்.

பெருசா இருக்கறது இயற்கைன்னு தெரியாம ஒரு காலத்துல பெரிய கூத்தே நடந்திருக்கு. அந்தக் காலத்துல உடற்கூறு படிக்கிறதுக்கு கிடைச்ச உடல்கள் பெரும்பாலும் ஏழைங்களோடது, நோய்லயும் பட்டினியிலயும் கஷ்டப்பட்டு செத்தவங்க. உடம்பு அப்படி கஷ்டப்படும்போது தைமஸ் வேகமா சுருங்கிடும். அந்த சுருங்கின சைஸ தான் சரியான சைஸ்னு எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் நல்லா இருந்த குழந்தை திடீர்னு செத்துப்போய் அறுத்துப் பாத்தா தைமஸ் பெருசா தெரிஞ்சுது, உடனே இது தான் மூச்ச அமுக்கி கொன்னுடுச்சுன்னு முடிவு கட்டி, 20ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் நல்லா இருந்த குழந்தைங்க நெஞ்சுல கதிர்வீச்சு கொடுத்து தைமஸ சுருக்கினாங்க. அந்தக் குழந்தைங்களுக்கு பின்னாடி தைராய்டு கேன்சர் அதிகமா வந்துச்சு. தைமஸும் தைராய்டும் உண்மையிலேயே சந்திச்சுக்கிட்டது இந்த மாதிரி சோகத்துல தான்.

டி செல்லுல இருக்கிற 'டி'

டி செல்ங்கறது வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை. வைரஸ் புகுந்த செல்ல தேடிக் கொல்றது, மத்த எதிர்ப்பு செல்லுங்களுக்கு உத்தரவு கொடுக்கறது எல்லாம் இதோட வேலை. பொறக்கறது எலும்பு மஜ்ஜையில, ஆனா முழுசா உருவாகறது தைமஸ்ல, அதனால தான் தைமஸோட முதல் எழுத்து பேர்ல நிக்குது.

இத கண்டுபிடிச்சது ஜாக் மில்லர். 1961ல லண்டன்ல எலிங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோயப் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார், அதுக்காக பொறந்த உடனே எலிக்குட்டிங்களோட தைமஸ எடுத்துப் பாத்தார். அதுவரைக்கும் வளந்த எலியில எடுத்தவங்களுக்கு பெருசா ஒண்ணும் தெரியல, அதனால தைமஸ்னா வேலைக்கு ஆகாத மிச்சம் மீதின்னு தான் பெரிய பெரிய விஞ்ஞானிங்களே நினைச்சிருந்தாங்க. பொறந்த அன்னைக்கே எடுத்த குட்டிங்க மட்டும் சாதாரண கிருமியக்கூட தாங்காம மெலிஞ்சு செத்துச்சு, வேற இன எலியோட தோல ஒட்ட வெச்சா எதிர்க்காம அப்படியே ஏத்துக்கிச்சு. அப்போ எதிர்ப்பு சக்தியோட ஊத்தே இங்க தான் இருக்கு, அதுவும் சின்ன வயசுல தான் ஓடுதுன்னு புரிஞ்சுது. (வெள்ளை அணுக்கள்ல இன்னொரு வகையான பி செல்லோட 'பி' எலும்பு மஜ்ஜைக்கான எழுத்துன்னு பல பேர் நினைக்கிறாங்க, அது கோழியோட வால் பக்கம் இருக்கிற பர்சாங்கிற உறுப்புல இருந்து வந்த பேர். எலும்பு மஜ்ஜைக்கும் ஆங்கிலத்துல (போன் மேரோ) அதே எழுத்தா அமைஞ்சது தற்செயல்.)

கண்ண மூடிக்கிட்டு செய்யற கை

ஒவ்வொரு டி செல்லுக்கும் வெளிப்பக்கம் பிடிச்சுப் பாக்கறதுக்கு கை மாதிரி ஒரு புரதம் இருக்கு, இதுக்கு ரிசெப்டர்னு பேர். ஒரு செல்லுல ஆயிரக்கணக்கான கை இருந்தாலும் எல்லாம் ஒரே அச்சு. பக்கத்து செல்லோட கை வேற அச்சு. எந்தப் பொருள் அந்த கைக்கு அமையுதோ அத மட்டும் தான் அந்த செல் பிடிக்கும்.

சரி, உலகத்துல எத்தனையோ கிருமி இருக்கு, நாளைக்கு புதுசா ஒண்ணு வரும், நம்ம ஜீன் மொத்தமே சுமார் 20,000 தான், அப்புறம் எப்படி இத்தனைக்கும் கை செய்யறது? வண்டி நம்பர் பிளேட்ட நினைச்சுக்கோங்க. மாநிலத்துக்கு ரெண்டு எழுத்து, ஆர்டிஓவுக்கு ரெண்டு நம்பர், அப்புறம் ரெண்டு எழுத்து, கடைசியா நாலு நம்பர். இருக்கறது 26 எழுத்தும் 10 நம்பரும் தான், ஆனா சேர்த்து சேர்த்து போட்டா கோடிக்கணக்குல பிளேட் வந்துடுது. டி செல்லும் இதத்தான் பண்ணுது, கைய செய்யற ஜீன் துண்டு துண்டா வரிசையில இருக்கு, ஒவ்வொரு செல்லும் குலுக்கல் மாதிரி ஒவ்வொரு குவியல்ல இருந்தும் ஒரு துண்டு எடுத்து தன்னோட டிஎன்ஏவையே வெட்டி ஒட்டிக்குது, போதாததுக்கு ஒட்டுற இடத்துல தோணின எழுத்த ரெண்டு மூணு சொருகியும் விட்டுடுது.

இங்க ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. இந்த குலுக்கல் நடக்கும்போது அந்த செல் எந்தக் கிருமியையும் பாத்தது கிடையாது. அம்மைய பிடிக்கிற கை வேணும்னு யாரும் ஆர்டர் கொடுக்கல. சும்மா கண்ண மூடிக்கிட்டு செஞ்சது. அதுல பாதி உருப்படியாவே வராது, சொருகின எழுத்து கணக்கு தப்பினா ஜீன படிக்கவே முடியாம போய் அந்த செல் ஆரம்பத்துலயே காலி. உருப்படியா வந்ததுலயும் சில கை எதுக்கும் உதவாது, சில கை நம்ம உடம்பையே பிடிச்சு கிழிக்கும். இந்த கலப்படக் குவியல வெச்சுக்கிட்டு என்ன செய்யறது? அதுக்குத்தான் முறம்.

இதுவரைக்கும் வந்தது இவ்வளவு தான்: மஜ்ஜையில பொறந்த செல் தைமஸுக்கு வருது, அங்க குலுக்கல்ல ஒரு கை செஞ்சுக்குது, அந்த கை எதப் பிடிக்கும்னு அந்த செல்லுக்கே தெரியாது.

தாம்பாளம் இல்லாம எதையும் தொடாது

புடைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம் தெரியணும், இது இல்லாம மேல புரியாது. டி செல் ரத்தத்துல மிதக்கிற கிருமிய நேரா பிடிக்காது. நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லும் உள்ள என்னென்ன புரதம் இருக்கோ அதுல சின்ன சின்ன துணுக்கு எடுத்து, ஒரு தாம்பாளத்துல வெச்சு வெளிய காட்டிக்கிட்டே இருக்கும், கல்யாணத்துல சீர்வரிசைத் தட்டு அடுக்கி வெக்கிற மாதிரி. அந்த தாம்பாளத்துக்கு எம்ஹெச்சின்னு பேர். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அண்ணன் தம்பி ரத்தத்த எடுத்து ஹெச்எல்ஏ பொருத்தம் பாக்கறாங்களே, அது மனுஷனோட தாம்பாளம் ஒத்துப்போகுதான்னு பாக்கறது தான்.

சாதாரணமா தட்டுல இருக்கறது எல்லாம் நம்ம வீட்டு சரக்கு. வைரஸ் புகுந்துட்டா அதோட துணுக்கும் தட்டுல ஏறிடும், டி செல் அத பிடிச்சுட்டா கதை முடிஞ்சுது. ஆனா டி செல்லோட கை துணுக்க மட்டும் தனியா தொடாது, தட்டோட விளிம்பையும் சேத்து தான் பிடிக்கும். இத 1974ல கான்பெராவுல பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நேகலும் கண்டுபிடிச்சாங்க, 1996ல நோபல் கிடைச்சுது. தட்டு ஆளுக்கு ஆள் வேற வேற வடிவம். அதனால என் டி செல் என் வீட்டு தட்டுக்கு பழகினதா இருக்கணும்.

மொத புடைப்பு: பதர் பறக்குது

தைமஸோட வெளிப்பகுதியில இருக்கிற செல்லுங்க தட்டுல நம்ம சொந்த துணுக்குங்கள வெச்சு நீட்டும். புதுசா கை செஞ்ச டி செல் ஒவ்வொரு தட்டா போய் தொட்டுப் பாக்கும். எந்த தட்டையுமே கொஞ்சம்கூட பிடிக்க முடியலையா, அந்த கை எதுக்கும் உதவாது, நெல்லுல பால் பிடிக்காத பதர் மாதிரி. அதுக்கு யாரும் தண்டனை கொடுக்கறதில்ல. "நீ உயிரோட இரு"ன்னு ஒரு சிக்னல் வரணும், அது வரல, அவ்வளவு தான், மூணு நாலு நாள் பாத்துட்டு செல் தானா செத்துடும், பக்கத்துல இருக்கிற விழுங்கு செல்லுங்க சத்தமில்லாம முழுங்கிடும். அந்த மூணு நாலு நாளுக்குள்ள கையோட ஒரு பாதிய திரும்பத் திரும்ப குலுக்கி மாத்திப் பாக்க வாய்ப்பு உண்டு, சும்மா சொல்லக்கூடாது, அந்த அளவுக்கு கருணை இருக்கு.

லேசாவாவது தட்ட பிடிச்ச செல்லுக்கு சிக்னல் கிடைக்குது, பொழைக்குது. இதுக்கு பாசிட்டிவ் செலக்‌ஷன்னு பேர். இதே சமயத்துல இன்னொண்ணும் முடிவாகிடுது. தட்டுல ரெண்டு மாடல் இருக்கு, எல்லா செல்லும் வெச்சிருக்கிற சாதா தட்டு ஒண்ணு, குறிப்பிட்ட எதிர்ப்பு செல்லுங்க மட்டும் வெச்சிருக்கிற தட்டு இன்னொண்ணு. சாதா தட்டு அமைஞ்ச டி செல் பின்னாடி கொல்ற செல்லா ஆகும், இன்னொண்ணு அமைஞ்சது உத்தரவு கொடுக்கிற ஹெல்பர் செல்லா ஆகும். எச்ஐவி நோயாளிங்களுக்கு சிடி4 கவுன்ட் பாக்கறாங்களே, எண்ணறது இந்த ஹெல்பர் செல்லுங்கள தான்.

ரெண்டாவது சுத்து: கல் பொறுக்கறது

பதர் போயாச்சு. இப்போ முறத்துல அரிசியும் கல்லும் இருக்கு. பதர் சோத்த வீணாக்காது, பசிக்கு உதவாது அவ்வளவு தான், ஆனா கல்லு பல்ல உடைக்கும். நம்ம சொந்த துணுக்கையே இறுக்கிப் பிடிக்கிற கை தான் கல்லு. அது வெளிய போனா கணையத்தையோ தைராய்டையோ கிருமின்னு நினைச்சு தாக்கும், இப்படி எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கறதுக்கு ஆட்டோஇம்யூன்னு பேர்.

மொத சுத்துல தேறின செல்லு தைமஸோட நடுப்பகுதிக்கு நகரும், அங்க மறுபடி தட்டு நீட்டுவாங்க. இந்த தடவை இறுக்கிப் பிடிச்சா சாவு. இதுக்கு நெகட்டிவ் செலக்‌ஷன்னு பேர்.

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரணும். இன்சுலின் செய்யறது கணையம், தைமஸ் இருக்கறது நெஞ்சுல, அப்போ இன்சுலின இறுக்கிப் பிடிக்கிற கல்ல தைமஸ்ல எப்படி கண்டுபிடிக்க முடியும்? எனக்கு இந்த மொத்த கதையில ரொம்ப பிடிச்ச இடம் இது தான். தைமஸோட நடுப்பகுதியில சில செல்லுங்க தங்களுக்கு சம்பந்தமே இல்லாத உறுப்போட புரதத்த எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு தட்டுல வெக்குது. கணையத்தோட இன்சுலின், தைராய்டோட புரதம், கண்ணுல இருக்கிற புரதம்னு ஊர்ல இருக்கிற எல்லா கடை சரக்கும் ஒரு பெட்டிக்கடையில சாம்பிளுக்கு தொங்குது. இத செய்ய வெக்கிற முக்கியமான ஜீனுக்கு ஏர்னு பேர் (உழற ஏர் இல்ல). 1997ல கண்டுபிடிச்சாங்க. இந்த ஜீன் பழுதான குழந்தைங்க இருக்காங்க, ஃபின்லாந்துல மத்த இடத்த விட அதிகம், அவங்களுக்கு தைராய்டு பக்கத்துல கால்சியத்த பாத்துக்கிற சுரப்பி, சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரீனல்னு ஒவ்வொரு உறுப்பா சொந்த உடம்பே தாக்க ஆரம்பிக்கும். ஒரு சாம்பிள் கடை மூடினதுக்கு அவ்வளவு விலை.

கடை தொறந்திருந்தாலும் சரக்கு அளவு ஆளுக்கு ஆள் மாறும். இன்சுலின் ஜீனுக்கு பக்கத்துல ஒரு வகை வித்தியாசம் இருக்கிறவங்க தைமஸ்ல இன்சுலின் சாம்பிள் கொஞ்சம் அதிகமா தொங்குது, அவங்களுக்கு டைப் 1 சர்க்கரை வர்ற வாய்ப்பு குறைவு. (டைப் 1ங்கறது சின்ன வயசுல பெரும்பாலும் வர்ற, முதல்ல இருந்தே இன்சுலின் ஊசி போட வேண்டிய வகை. நம்ம வீடுகள்ல அதிகமா பாக்கற டைப் 2 வேற கதை.)

இங்க மறுபடி ஒரு தடவை: எதையும் பிடிக்காதது பதர், சொந்த சரக்க இறுக்கிப் பிடிக்கிறது கல், லேசா தட்ட மட்டும் தொட்டுட்டு விடறது அரிசி. உள்ள வர்ற 100 செல்லுல வெளிய போறது ரெண்டுல இருந்து அஞ்சு தான், சாகறதுல பெரும்பங்கு பதர்.

அப்போ கிருமிய எப்படி பிடிக்குது?

மிச்சம் வந்த அரிசிக்கு கிருமியப் பத்தி எதுவும் தெரியாது. தெரிஞ்சது ரெண்டே ரெண்டு, நம்ம வீட்டு தட்ட தொட முடியும், நம்ம வீட்டு சரக்க இறுக்கிப் பிடிக்காது. ஆனா கைங்க எல்லாம் குலுக்கல்ல வந்ததால கோடிக்கணக்கான வேற வேற அச்சு இருக்கு. நாளைக்கு ஒரு புது வைரஸ் வந்து அதோட துணுக்கு தட்டுல ஏறும்போது இத்தனை கோடியில எங்கயோ சில செல்லோட கை அதுக்கு கச்சிதமா அமைஞ்சுடும். அந்த செல் பெருகி ஆயிரம் லட்சம்னு ஆகும். தடுப்பூசியும் இந்த வேலைய தான் செய்யுது, ஏற்கனவே இருக்கிற அந்த சில செல்ல தேடிப் பிடிச்சு முன்கூட்டியே பெருக்கி வெக்குது, புது கை எதையும் அது செஞ்சு கொடுக்கறதில்ல.

அதனால தான் ஸ்கூல் உதாரணம் எனக்கு ஒத்து வரல. ஸ்கூல்ல உள்ள போன பையன் மாறி வெளிய வருவான். இங்க செல்லோட கை பாடம் கேட்டு திருந்தறதில்ல, அமைஞ்சா இருக்கும், அமையலன்னா சாகும். "இம்யூனிட்டி பூஸ்ட்"னு விக்கிற பவுடரப் பாத்தாலும் எனக்கு இது தான் தோணும், எத பூஸ்ட் பண்றாங்க, அரிசியவா கல்லையா? உடம்பு 100க்கு 95 செல்ல கொன்னு போடறதே எதிர்ப்பு ஓவரா போயிடக் கூடாதுன்னும் சேத்து தான்.

தப்பிச்ச கல்லுக்கு ஒரு காவல்

எவ்வளவு பொறுக்கினாலும் சோத்துல ஒரு கல்லு வாயில மாட்டத்தானே செய்யுது. இங்கயும் அப்படி தான், ஆரோக்கியமா இருக்கிற எல்லார் ரத்தத்துலயும் கொஞ்சம் கல்லு சுத்திக்கிட்டு தான் இருக்கு. அதுங்க ஏன் சும்மா இருக்குதுன்னா, தைமஸ் இன்னொரு தந்திரம் வெச்சிருக்கு. சொந்த சரக்க ஓரளவு இறுக்கமா பிடிக்கிற சில செல்லுங்கள கொல்லாம, வேலைய தலைகீழா மாத்தி விட்டுடுது. அதுங்க தாக்காது, தாக்கப் போறத அடக்கும். இதுக்கு ரெகுலேட்டரி டி செல், சுருக்கமா ட்ரெக்னு பேர்.

இதோட தடயம் ஒரு விசித்திரமான எலி சோதனையில இருந்து வந்துச்சு. மில்லர் மாதிரி பொறந்த உடனே தைமஸ எடுத்தா எலி எதிர்ப்பு சக்தி இல்லாம சாகும்னு பாத்தோம். மூணாவது நாள் எடுத்தா என்ன ஆகும்? கொஞ்சம் நல்லா இருக்கும்னு தானே தோணும். ஆனா எலியோட சொந்த உறுப்புங்க ஒவ்வொண்ணா தாக்கப்பட்டுச்சு. ஏன்னா தாக்கற செல்லுங்க முதல்ல கிளம்பிடுது, அடக்கற செல்லுங்க பின்னாடி தான் கிளம்புது, நடுவுல கதவ மூடிட்டா போலீஸ் இல்லாத ஊரு. ஜப்பான்ல ஷிமோன் சகாகுச்சி இந்த நூல பிடிச்சுக்கிட்டே போய் 1995ல அந்த அடக்கற செல்ல அடையாளம் காட்டினார், ரொம்ப பேர் ஆரம்பத்துல நம்பல. அமெரிக்காவுல மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் அதுக்கு பின்னாடி இருக்கிற ஃபாக்ஸ்பி3ங்கிற ஜீன கண்டுபிடிச்சாங்க. மூணு பேருக்கும் 2025 மருத்துவ நோபல்.

வயசானா என்ன ஆகும்

தைமஸ் சுருங்கி நடு வயசுக்குள்ள பெரும்பகுதி கொழுப்பா மாறிடும். பயப்பட ஒண்ணும் இல்ல, டி செல்லுக்கு ஆயுசு ஜாஸ்தி, வெளிய இருக்கறதே பிரிஞ்சு பிரிஞ்சு பெருகிக்கும், சின்ன வயசுல சேத்து வெச்ச குதிர்ல இருந்து எடுத்து சாப்பிடற மாதிரி. ஆனா புது அச்சு கை வர்றது குறைஞ்சுடுது, வயசானவங்களுக்கு முன்ன பின்ன பாக்காத கிருமி வந்தா கஷ்டப்படறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ பெரியவங்களுக்கு தைமஸ் தேவையே இல்லையான்னா, ரொம்ப நாள் அப்படி தான் நினைச்சாங்க. 2023ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு தைமஸ எடுத்த பெரியவங்களையும், தைமஸ தொடாம நெஞ்சுல வேற ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களையும் ஒப்பிட்டுப் பாத்துச்சு. 5 வருஷத்துக்குள்ள செத்தவங்க எடுத்தவங்கள்ல 8.1 சதவீதம், மத்தவங்கள்ல 2.8. ரெண்டு கூட்டத்த ஒப்பிட்டது மட்டும் தான், எடுத்ததால தான் செத்தாங்கன்னு அடிச்சு சொல்ல முடியாது. தைமஸ்ல கட்டி இருக்கிறவங்க, மயஸ்தீனியா கிராவிஸ்ங்கிற தசை தளர்ச்சி நோய் இருக்கிறவங்களுக்கு எடுக்கறது நல்ல சிகிச்சை, இத படிச்சுட்டு அத தள்ளிப் போடாதீங்க. கொழுப்பு தானேன்னு சும்மா எடுத்துப் போடக்கூடாதுன்னு மட்டும் எடுத்துக்கலாம்.

தொடையில ஒரு தைமஸ்

சில குழந்தைங்க தைமஸே இல்லாம பொறக்குது, முழு டிஜார்ஜ் சிண்ட்ரோம்ங்கிற பிரச்சனையில இப்படி நடக்கும். மஜ்ஜை நல்லா இருக்கும், அரிசி மூட்டை வந்துக்கிட்டே இருக்கும், புடைக்க முறம் இல்ல. சிகிச்சை இல்லாட்டி ரெண்டு மூணு வயச தாண்டறதே கஷ்டம்.

இன்னொரு பக்கம், இதய ஆபரேஷன் நடக்கிற பச்சைக் குழந்தைங்களுக்கு இதயத்த எட்டறதுக்காக மேல மூடியிருக்கிற தைமஸ கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டி வரும், வழக்கமா அது குப்பைக்கு போகும். அமெரிக்காவுல அத பெத்தவங்க சம்மதத்தோட வாங்கி, ஆய்வகத்துல ரெண்டு மூணு வாரம் வளத்து, மெல்லிசு துண்டா தைமஸ் இல்லாத குழந்தையோட தொடை தசையில பதிக்கிறாங்க. 2021 அக்டோபர்ல அந்த நாட்டு மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு இதுக்கு அனுமதி கொடுத்துச்சு. நெஞ்சுலயே வெக்கணும்னு இல்ல, ரத்த ஓட்டம் இருந்தா போதும், குழந்தையோட சொந்த மஜ்ஜையில இருந்து கிளம்பின செல்லுங்க வழி கண்டுபிடிச்சு தொடைக்கு வந்து, யாரோ முகம் தெரியாத ஒரு குழந்தையோட முறத்துல புடைபட்டு வெளிய போகுது. உடனே பலன் தெரியாது, போதுமான அளவு டி செல் சேர ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகும், அதுவரைக்கும் குழந்தைய கிருமி அண்டாம தனியா வெச்சு பாத்துக்கணும்.